திருச்சபையும் பின்நவீன மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதகர்கள், மூப்பர்கள், வாலிபர் குழுவை நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ‘போதகர்’ என்று இங்கே வரும் இடமெல்லாம் பங்குத்தந்தை என்றும், ‘திருவிருந்து’ என்பதை நற்கருணை அல்லது இராப்போஜனம் என்றும் அவரவர் வழக்கப்படி படித்துக்கொள்ளலாம்.

பின்நவீனத்துவம் என்றால் என்ன? பேராசிரியர் பாஷை வேண்டாம்.

1979-ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார், கனடாவின் கியூபெக் மாகாண அரசுக்காக அறிவின் இன்றைய நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். பின்நவீனம் என்பது பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை என்று அதில் சுருக்கிச் சொன்னார். அறிவியல் வளர்ந்தால் மனிதகுலம் விடுதலை அடையும், புரட்சி வந்தால் எல்லாம் சரியாகும் என்பது மாதிரியான, வரலாறு முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டும் கதைகள்தான் பெருங்கதையாடல்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் வதைமுகாம்களுக்கும் பிறகு அந்தக் கயிறு இற்றுப்போனது. அறிவையும் அதிகாரத்தையும் பிரிக்க முடியாது என்றார் இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ. எந்தப் பிரதியும், அதாவது எழுதப்பட்ட எதுவும், ஒரே அர்த்தத்தில் அடங்கி நிற்காது என்று காட்டினார் அதே நாட்டுத் தத்துவவாதி தெரிதா.

சபையில் இந்தப் பெயர்களை யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பெண்ணின் மனதில், “இதைச் சொன்னது யார்? சொன்னதால் அவருக்கு என்ன கிடைக்கிறது?” என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். லியோதாரைப் படிக்காமலே அவள் லியோதாரின் வாரிசு. பின்நவீனம் முடிந்துவிட்டது, இப்போது வேறு காலம் என்கிறவர்களும் உண்டு. பெயர் எதுவாக இருந்தாலும் அந்தப் பெண் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படியானால் எல்லா உண்மையும் சமமா? விசுவாசத்துக்கு இடம் எங்கே?

உண்மையே கிடையாது என்பது ஒரு சாராரின் முடிவு. ஆனால் பின்நவீன விமர்சனத்தின் வலுவான பகுதி வேறு: மனிதர் யாரும் எங்கேயும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. இதைக் கேட்டு ஒரு கிறிஸ்தவர் பதற வேண்டியதில்லை. “இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்” என்று பவுல் எழுதியது முதல் நூற்றாண்டில்.

இந்த இடத்தில் உதவுகிறவர் லெஸ்லி நியூபிகின். 1936-ல் மிஷனரியாக இந்தியா வந்து, மதுரை-இராமநாதபுரத்திலும் பிறகு சென்னையிலும் பேராயராக இருந்து, 1974-ல் இங்கிலாந்து திரும்பியவர். திரும்பிப் போன நாடுதான் நற்செய்திக்குக் கடினமான நிலம் என்று கண்டார். விஞ்ஞானியாக இருந்து தத்துவவாதியான மைக்கேல் பொலானியின் சிந்தனையை எடுத்துக்கொண்டு அவர் வாதிட்டார்: விஞ்ஞானிகூட முதலில் எதையாவது நம்பித்தான் ஆய்வைத் தொடங்குகிறார், முன்நம்பிக்கை இல்லாத அறிவு என்று ஒன்று இல்லை. ஆகவே ‘நிரூபித்துவிட்டேன்’ என்ற தொனியைக் கைவிட்டு, ‘இதன்மேல் என் வாழ்க்கையை வைத்திருக்கிறேன், வந்து பார்’ என்ற தொனிக்கு சபை வரலாம். இந்த மாற்றத்தில் விசுவாசப் பிரமாணத்தின் ஒரு சொல்லும் குறையாது.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம்தான் முன்மாதிரி. புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது அன்றைய ‘எதை விடுவது’ சண்டை. எருசலேமில் கூடியவர்கள் செய்ததை வரிசையாகப் பாருங்கள். களத்தில் நடந்ததைப் பேதுருவும் பவுலும் பர்னபாவும் சொல்ல, எல்லாரும் கேட்டார்கள். அதை ஆமோசின் வசனத்தோடு யாக்கோபு ஒப்பிட்டார். பிறகு, தவிர்க்க வேண்டிய நான்கு காரியங்களை மட்டும் எழுதி அனுப்பினார்கள். அன்று முடிவு தலைகீழாக இருந்திருந்தால் இன்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலர் சபைக்குள் வந்திருக்கவே மாட்டார்கள்.

உங்கள் சபையில் செய்து பார்க்க ஒரு வழி: மூப்பர் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் மூன்று பத்திகள். முதலாவது, எல்லாக் காலத்துக்கும் உரிய விசுவாசம். இரண்டாவது, நமது சபைப் பிரிவின் ஒழுங்கு. மாற்ற வேண்டுமானால் மேலிடத்தின் ஒப்புதல் தேவை. மூன்றாவது, பழக்கம். ஆளுக்கு இருபது நிமிடம், யாரோடும் பேசாமல் எழுத வேண்டும். அதன் பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆராதனை தொடங்கும் நேரம், யார் எந்தப் பக்கம் உட்காருவது, அறிவிப்பு வாசிக்கும் பாணி எல்லாம் யாரோ ஒருவரின் முதல் பத்தியில் இருக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவது நல்லது.

முதல் பத்தி காலியாக இருந்தால் அதுவும் ஆபத்து. உயிர்த்தெழுதலைக்கூட ‘அழகான உருவகம்’ என்று மூன்றாம் பத்திக்குத் தள்ளிவிட்ட சபையிடம், வந்து கேட்கிறவருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

மெழுகுவத்தி, கிடார், மங்கலான விளக்கு, ஜீன்ஸ் போட்ட போதகர்: இவை போதாதா?

போதாது. விளம்பரத்தில் பிறந்து விளம்பரத்தில் வளர்ந்த தலைமுறை, தனக்காகப் போடப்படும் வேஷத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடும்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்களின் அனுபவமும் அதுவே. அமெரிக்காவில் 1975-ல் தொடங்கிய வில்லோ கிரீக் சபை, புதியவர்களுக்கு ஏற்ற ஆராதனை என்பதற்கே எடுத்துக்காட்டாக இருந்தது. 2007-ல் அவர்களே தங்கள் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள்: நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்துகொள்வதால் மட்டும் ஒருவர் கடவுளையும் பிறரையும் நேசிப்பதில் வளர்ந்துவிடுவதில்லை. தங்கள் குறையைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்டதை ஒரு நல்ல பழக்கம் என்றே சொல்ல வேண்டும்.

சந்தேகத்தோடு வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது?

மேசையில். கேலிக்குச் சொல்லவில்லை. 1977-ல் லண்டனில் ஒரு ஆங்கிலிக்கன் சபையில் தொடங்கிய, கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா வகுப்புகள் உலகெங்கும் பரவியதற்கு அவற்றின் வரிசை ஒரு காரணம்: முதலில் சாப்பாடு, பிறகு ஒரு பேச்சு, கடைசியில் சிறு குழுவில் உரையாடல். பாடத்தின் உள்ளடக்கத்தோடு உடன்படாதவர்களும் அந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்விக் குழு ஒன்றை நடத்தும் முறை இது. எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மொத்தம் தொண்ணூறு நிமிடம். அதில் முப்பத்தைந்து நிமிடம் சாப்பாடு. பத்து நிமிடம் வேதபகுதியை இரண்டு முறை, இரண்டு வேறு குரல்களில் வாசித்தல். நாற்பது நிமிடம் பேச்சு. கடைசி ஐந்து நிமிடம் அமைதி அல்லது ஜெபம்; ஜெபத்தில் கலந்துகொள்வது கட்டாயமில்லை என்று முன்பே சொல்லிவிட வேண்டும். நுழையும்போதே ஆளுக்கொரு சிறு தாள் கொடுத்து, பெயர் போடாமல் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் வரும் தாள்கள் பெரும்பாலும் ‘பரிசோதனைத் தாள்கள்’. டைனோசரைப் பற்றிக் கேட்பார்கள். அதை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது நான்காவது வாரத்தில் உண்மையான கேள்வி வரும்: “என் அம்மாவுக்காக இரண்டு வருஷம் ஜெபித்தேன். ஏன் செத்தாள்?”

அந்தத் தாளை வாசித்த கையோடு பதில் சொல்லிவிடாதீர்கள். பத்து விநாடி காத்திருங்கள். பிறகு, “இதே கேள்வி வேறு யாருக்காவது இருந்திருக்கிறதா?” என்று கேளுங்கள்.

குழு கெட்டுப்போகும் வழிகள் மூன்று. நடத்துகிறவர் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் பேசினால் அது வேதபாட வகுப்பாகிவிடும். எல்லாக் கேள்விக்கும் யூடியூபில் பதில் மனப்பாடம் செய்துவந்த ஒருவர் இருப்பார். அவரைத் தனியே அழைத்து, ஒரு மாதம் கேள்வி மட்டும் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மோசமானது: குழுவில் ஒருவர் அழுது சொன்னது மறுநாள் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஒரே முறை இது நடந்தாலும் குழு முடிந்தது. முதல் கூட்டத்திலேயே விதியை உரக்கச் சொல்லுங்கள்: இங்கே கேட்ட கருத்தை வெளியே கொண்டுபோகலாம், ஆளைக் கொண்டுபோகக் கூடாது. உயிருக்கு ஆபத்தான செய்தியோ குழந்தைக்கு நடக்கும் கொடுமையோ மட்டும் விதிவிலக்கு. அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சந்தேகம் பாவமா என்று கேட்டால் மாற்கு 9:24-ஐக் காட்டுங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

பிரசங்கத்தின் காலம் முடிந்துவிட்டதா?

இல்லை. மக்கள் மணிக்கணக்கில் பாட்காஸ்ட் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வாதது, கேள்வி கேட்கவே முடியாத பேச்சு. இருபது நிமிடம் பிரசங்கம், ஆராதனை முடிந்தபின் விருப்பமுள்ளவர்களோடு பதினைந்து நிமிடம் கேள்வி நேரம் என்று மாதம் ஒருமுறை தொடங்கலாம். கேள்விச் சீட்டுகளைப் பொறுக்கி எடுப்பவர் பிரசங்கித்தவராக இருக்கக் கூடாது. கடினமான சீட்டு அடியில் போய்விட்டது என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் முழுப் பயிற்சியும் வீண். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் “பார்த்துச் சொல்கிறேன்” என்றால் அடுத்த முறை முதல் வேலையாக அதைச் சொல்லிவிட வேண்டும்.

வேதாகமத்தை ‘ஒரு தரப்பின் பிரதி’ என்கிறார்களே?

இதற்குத் திருச்சபையின் சொந்த வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஏறத்தாழ 170-ஆம் ஆண்டுவாக்கில் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இழைத்து ஒரே கதையாக்கினார். முரண்கள் தீர்ந்தன, வாசிக்க வசதியாக இருந்தது. சிரியாக் மொழி பேசிய சபைகள் நெடுங்காலம் அதையே ஆராதனையில் வாசித்தன. ஆனால் திருச்சபை அதை ஏற்று நிலைநிறுத்தவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பேராயர் தியோதரேத் தமது பகுதியில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, தனித்தனியான நான்கு நற்செய்திகளைத் திரும்ப வைத்தார். (அவர் கையாண்ட விதம் ஒரு வகை அதிகாரம்தானே என்று ஃபூக்கோவின் வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி.) ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தாத நான்கு சாட்சிகளை, பூசி மெழுகாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழகியிருக்கிறது இந்தச் சமயம். ஒற்றைக் குரல் என்ற குற்றச்சாட்டை அதனிடம் எளிதில் ஒட்டவைக்க முடியாது.

செயலில் காட்ட: உயிர்த்தெழுந்த காலையின் நான்கு விவரிப்புகளையும் நான்கு பேர் அடுத்தடுத்து வாசிக்கட்டும். கல்லறைக்கு வந்த பெண்கள் யார் யார், அங்கே எத்தனை தூதர்கள் என்று கேட்கிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும். வித்தியாசங்களை அவர்களே கண்டுபிடிக்கும்போது அதிர்ச்சி வராது, ஆர்வம் வரும். நீங்கள் மறைத்துவைத்து, பின்னால் இணையத்தில் அவர்கள் கண்டால் அதிர்ச்சி வரும். கூடவே, வேறு எதையெல்லாம் மறைத்தார்கள் என்ற எண்ணமும்.

அதிகாரத்தின் மேல் இத்தனை சந்தேகம் இருக்கும்போது தலைமை எப்படி இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். இன்றைய மனிதர்கள் நற்செய்தியைவிட, நற்செய்தியைக் கையில் வைத்திருப்பவர்களையே அதிகம் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் கொடுத்தவர்களில் சபைகளும் உண்டு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1986-ல் ‘ஒன்பது மணி ஆராதனை’ என்று ஒரு முயற்சி தொடங்கியது. நடனக்கூடங்களில் ஒலிக்கும் இசை, ஒளிக்காட்சி, சூழலியல் அக்கறை, நூற்றுக்கணக்கில் இளைஞர்கள். பின்நவீன ஆராதனைக்கு அதையே உதாரணம் காட்டினார்கள். தலைவர்மேல் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்ற குற்றச்சாட்டுகள் வெளியே வந்ததும் 1995-ல் அது கலைந்தது. வடிவம் புத்தம் புதியது. யாருக்கும் பதில் சொல்லாத தலைவர் என்ற ஏற்பாடு மட்டும் பழையது.

ஆகவே இவற்றிலிருந்து தொடங்குங்கள். வங்கிக் கணக்கில் உறவினர் அல்லாத இருவரின் கையெழுத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு, போதகரின் சம்பளம் உட்பட, எல்லாரும் பார்க்கும் இடத்தில். காணிக்கையை எண்ண எப்போதும் இரண்டு பேருக்குக் குறையாமல், மாறி மாறி. போதகர்மீதே புகார் இருந்தால் யாரிடம் போவது என்பதற்கு, சபைக்கு வெளியே உள்ள ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அறிவிப்புப் பலகையில். குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி, ‘நம்ம ஆள்தானே’ என்ற விலக்கு இல்லாமல். குற்றப் புகார் என்றால் உள்விசாரணைக்குக் காத்திருக்காமல் காவல்துறை.

இதையெல்லாம் அவநம்பிக்கை என்று சில மூப்பர்கள் வருத்தப்படுவார்கள். எருசலேம் சபைக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் குறைசொல்லாதபடிக்குப் பவுல் கூடவே மற்றவர்களை அனுப்பினார் என்பதை (2 கொரிந்தியர் 8:18-21) அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

‘இயேசுவே வழி’ என்பதைச் சொன்னாலே ஆணவம் என்கிறார்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா?

விட வேண்டியதில்லை. சொல்கிற விதத்துக்கு ஆத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியதைப் பாருங்கள். “அறியப்படாத தேவனுக்கு” என்று எழுதியிருந்த பலிபீடத்தை அவர் இடிக்கவில்லை, அதிலிருந்து பேச்சைத் தொடங்கினார். “நாம் அவருடைய சந்ததியார்” என்று மேற்கோள் காட்டியது கிரேக்கக் கவிஞர் அராத்துஸின் வரி. ஆனால் உயிர்த்தெழுதலைச் சொல்லாமல் முடிக்கவில்லை. சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். மூன்று விளைவுகளையும் ஏற்கத் தயாராக இல்லாதவர் பேசத் தொடங்காமல் இருப்பது நல்லது. பிற சமயத்தவரைப் பற்றிப் பேசும்போது ஒரு சோதனை: அவர்களில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் இதே வார்த்தைகளில் சொல்வீர்களா?

எப்போதும் வெற்றிச் சாட்சியே கேட்டுச் சலித்துவிட்டது என்கிறார்கள்.

நியாயம்தான். சங்கீதங்களில் கணிசமான பங்கு முறையீடு. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். அது நம்பிக்கையில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ ஒரு வரி ஆறுதலும் இல்லாமல் முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

வருடத்தில் இரண்டு முறையாவது புலம்பல் ஆராதனை ஒன்று வையுங்கள். 88-ஐ வாசித்து, மூன்று நிமிடம் அமைதி காத்து, இழப்புகளைத் தாளில் எழுதி முன்னால் கொண்டுவந்து வைத்து, திருவிருந்தோடு முடிக்கலாம். நடுவில் துள்ளல் பாட்டு வேண்டாம். சாட்சி சொல்லுகிறவருக்கு ஏழு நிமிடம். பிறர் பெயர் கூடாது. பதிவுசெய்ய முன்னனுமதி வேண்டும். “இன்னும் தீரவில்லை” என்று முடிக்க உரிமை உண்டு.

பழைய வழிபாட்டு முறையை விடவேண்டுமா?

பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிரான்சில் தெசே என்ற சிற்றூருக்கு 1940-ல் வந்த சகோதரர் ரோஜர் தொடங்கிய துறவறச் சமூகத்தில், ஓரிரண்டு வரிப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், நெடுநேரம் மௌனமாக இருக்கிறார்கள். கோடையில் வாரந்தோறும் அங்கே ஆயிரக்கணக்கில் இளைஞர்கள். புதுமையைத் துரத்தாத இடம் அது.

மௌனத்தை உங்கள் ஆராதனையில் சேர்க்க முப்பது விநாடியில் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நிமிடம், பிறகு மூன்று. எவ்வளவு நேரம் என்று முன்கூட்டி அறிவியுங்கள்; இல்லாவிட்டால் யாரோ தன் முறையை மறந்துவிட்டார் என்று நினைத்து எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆர்கன் வாசிப்பவர் பரிதாபப்பட்டு எதையாவது வாசித்துவிடுவார்.

இணையவழி ஆராதனை போதுமா?

நோயாளிக்கும், வாசலில் தயங்கி நிற்பவருக்கும் நல்ல கதவு. ஒளிபரப்பின் நேரலை அரட்டைக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். பதில் வராத வணக்கம் மூடிய கதவு மாதிரி. திருவிருந்தை இணையவழி நடத்தலாமா என்பதில் சபைப் பிரிவுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை; உங்கள் ஒழுங்கைக் கேட்டு நடங்கள்.

மூத்த உறுப்பினர்கள் எதிர்க்கிறார்களே?

ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தால் எதிர்க்கத்தான் செய்வார்கள். ஒரு மாற்றம், மூன்று மாதம், அதன் பிறகு மறுபரிசீலனை என்று தேதியோடு அறிவியுங்கள். அந்தத் தேதியில் உண்மையாகவே கூடிக் கேளுங்கள். கேள்விக் குழுவுக்கு எழுபது வயதைக் கடந்த ஒருவரையாவது அழையுங்கள். ஐம்பது வருட விசுவாசத்தில் பதில் கிடைக்காத கேள்வி அவரிடமும் இருக்கும். இதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்த எவ்வளவு காலம்?

அவசரப்படாதீர்கள். ஆதித் திருச்சபைத் தலைவர் ஹிப்போலித்துஸின் பெயரால் வழங்கும் பழைய சபை ஒழுங்கு, கற்போர் மூன்று ஆண்டு கேட்கட்டும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1972-ல் வயதுவந்தோருக்கான படிப்படியான புகுமுக முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. முதலில் சேர்ந்திருத்தல், பிறகு விசுவாசித்தல் என்ற வரிசையில் வருகிறவர்களுக்கு நான்கு வாரப் பாடம் போதாது. ஒருவருக்கு ஒரு துணைவர், குறைந்தது ஒரு வருடம். அந்த வருடத்தில் பாதியிலேயே “இப்போது வேண்டாம்” என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும்.

ஒருவர் விசுவாசத்தைக் கட்டுடைத்துவிட்டு, அதாவது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுக் கழற்றிவிட்டு, வெளியேறிவிட்டார். என்ன செய்வது?

இரண்டு வாரத்துக்குள் ஒருவர் மட்டும், அவருக்கு ஏற்கெனவே நண்பராக இருந்தவர், பேசட்டும். குழுவாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். சாப்பிட அழைக்கலாம், வேதாகமத்தோடு போக வேண்டாம். “எங்களால் காயப்பட்டீர்களா?” என்று ஒருமுறை கேளுங்கள், ஆம் என்றால் விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதி பெற்று மூப்பர்களிடம் கொண்டுபோங்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவரைக் குத்திக்காட்டாதீர்கள். அவருக்கு அது திங்கட்கிழமை காலையே போய்ச் சேரும். அவர் பொறுப்பில் இருந்த சாவியோ கணக்குப் புத்தகமோ இருந்தால் அதை வாங்க வேறொரு நாள், வேறொரு ஆள்.